பாணியற்ற வீட்டின் இழுப்பறைகள்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவர் தன் வீட்டுக்குள் இன்னொருவரைக் கொலை செய்தால் அது அவருடைய சொந்த விஷயம். சமையலறை அலமாரியின் கதவை மாற்றினால் அது பொது விஷயம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. கொலையைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது. அலமாரியைப் பற்றி ஒரு அத்தியாயமே இருக்கிறது.

கட்டடத்தின் அமைப்பு அப்படி. நான்கு பக்கமும் வீடுகள், நடுவில் வெட்டவெளி. எல்லாச் சமையலறை ஜன்னல்களும் அந்த வெட்டவெளியைப் பார்த்துத்தான் திறக்கும். சில வருடங்களுக்கு முன் சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்த அவருடைய சம்பந்தி, கை கழுவப் போன இடத்தில் எதிர்வீட்டு நீல நிற அலமாரியைப் பார்த்துவிட்டு, "இங்க எல்லா மாதிரி ஆளும் இருக்காங்க போல" என்று சொல்லிவிட்டார். தலைவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. அடுத்த கூட்டத்திலேயே 'சமையலறை ஒருமைப்பாட்டுக் குழு' பிறந்துவிட்டது. நீல அலமாரிக்காரர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஏதோ ஒரு துறையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் துறை என்று கேட்டால், "கொள்கை வகுக்கிற இடம்" என்பார். செயலாளர் தலைவர் சொல்வதை எல்லாம் எழுதிக்கொள்கிறவர். தலைவர் தும்மினாலும் எழுதிக்கொள்வார் என்று பேச்சு. மூன்றாமவர் அழகியல் ஆலோசகர். கடைத்தெருவில் திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறார். அழகியலுக்கும் அவருக்கும் வேறு தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை.

நான் ஒரு கண்ணாடிக் கடையில் கண்ணுக்குப் பவர் பார்க்கிறவன். என் மனைவி பெயிண்ட் கம்பெனி ஒன்றில் நிறங்களுக்குப் பெயர் வைக்கிறாள். நனைந்த சிமெண்ட் மூட்டையின் நிறத்துக்கு 'மௌனப் புலரி' என்று பெயர் வைத்து, அதை ஒரு பெரிய ஆஸ்பத்திரி முழுக்க அடிக்க வைத்தவள். வீட்டில் அவளிடம் இந்தக் கவித்துவம் எதையும் பார்க்க முடியாது. என் சட்டையைப் பார்த்தால், "இது அழுக்கு, கழட்டுங்க" என்பாள். அவ்வளவுதான்.

ஒரு வருடமாக அவளுடைய இரண்டு தோள்பட்டைகளும் இறுகிக்கொண்டே வந்தன. ஊசி, மாத்திரை, பயிற்சி எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் டாக்டர், "கை நெஞ்சு உயரம் வரைக்கும் வரும்மா. அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க. வீட்டை அதுக்குத் தகுந்த மாதிரி மாத்திக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் சமையலறையை வடிவமைத்தவர் வாழ்நாளில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடச் சுட வைக்காத, நெட்டையான ஆளாக இருந்திருக்க வேண்டும். அலமாரி மொத்தமும் தலைக்கு மேல். கீழே ஒரு குழாயும் குப்பைக்கூடையும் மட்டும். நான் தினமும் வேலைக்குக் கிளம்பும்போது அவளுக்கு வேண்டியதை எல்லாம் இறக்கி மேடையில் வைத்துவிட்டுப் போவேன். எதையாவது ஒன்றை மறந்துவிட்டும் போவேன்.

ஒருநாள் மாலை வீடு திரும்பியபோது சமையலறைத் தரையெல்லாம் கண்ணாடித் துண்டும் சர்க்கரையுமாகக் கிடந்தது. துடைப்பக் கட்டையால் டீத்தூள் டப்பாவை இழுக்கப் பார்த்திருக்கிறாள், சர்க்கரை ஜாடி விழுந்திருக்கிறது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து வெறும் வெந்நீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே" என்றேன்.

"என் வீட்டுல நான் ஒரு டீ போட்டுக் குடிக்க எதுக்குங்க ஊரைக் கூப்பிடணும்? வெந்நீர் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

நல்லா இல்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. மேல் அலமாரிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, இடுப்பு உயரத்தில் அகலமான இழுப்பறைகள் போட்டுவிடுவது என்று அன்றே முடிவு செய்தோம். இழுத்தால் டீத்தூள், இழுத்தால் சர்க்கரை. உலகத்தில் வேறு எதுவும் எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் வந்த தச்சர் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். பிறகு பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, "குழு அனுமதி இருக்கா சார்?" என்று கேட்டார்.

"என் வீட்டு டிராயருக்கா?"

"போன மாசம் மேல் மாடியில மாட்டின கப்போர்டை மறுபடியும் என்னை வெச்சே கழட்டினாங்க. எனக்கு ரெண்டு தடவை வேலை. நான் அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன்."

குழுவின் அலுவலகம் தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே மோட்டார் ஓடும்போது பேசுவது கேட்காது. அந்த நேரத்தில்தான் பெரும்பாலான தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

"சார், கிச்சன்ல டிராயர் வைக்கணும். மனைவிக்குக் கை மேல எழும்பாது" என்றேன்.

"அது அப்புறம்" என்றார் செயலாளர். "உங்க பாணி என்ன?"

"பாணியா?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கால்சட்டை போடாமல் வந்துவிட்டது போன்ற பார்வை. குனிந்து பார்த்துக்கொண்டேன், போட்டிருந்தேன்.

ஆலோசகர் எழுந்து என்னைச் சுவர்ப்பக்கம் அழைத்துப் போனார். அங்கே மூன்று அலமாரிக் கதவுகள் தொங்கின. மூன்றும் தந்த நிறம், ஒரே அளவு. "குழு ஒத்துக்கிட்டது இந்த மூணு பாணிதான் சார். இது மரபு. இது நவீனம். இது மரபு சார்ந்த நவீனம்."

"என்ன வித்தியாசம்?"

"வித்தியாசம் கதவுல இல்ல சார். பார்க்கறவங்ககிட்ட இருக்கு."

நாள் முழுவதும் "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று அடுத்தவர்களைக் கேட்டுப் பிழைக்கிறவன் நான். என் பார்வையே சோதனைக்கு வந்தது அன்றுதான். உற்றுப் பார்த்தேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். "எல்லாம் ஒண்ணு மாதிரிதான் தெரியுது" என்று உள்ளதைச் சொன்னேன். செயலாளர் எழுதிக்கொண்டார்: 'ரசனை – பயிற்சி தேவை.'

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் பாணிப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து ஒரு கதவை நெடுநேரம் பேசாமல் பார்க்க வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தடவ வேண்டும். பிறகு தடவியதைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். பக்கத்தில் இருந்தவர் என் காதோரம், "நான் ரொம்ப நாளா வர்றேன் சார். இப்பதான் நவீனம் லேசாத் தெரிய ஆரம்பிச்சிருக்கு. மரபு இன்னும் பிடிபடல" என்றார். அவர் வீட்டில் குழாய் ஒழுகி அலமாரி அழுகிப்போய், பாத்திரங்கள் எல்லாம் கட்டில் மேல் இருந்தன. அவரும் குடும்பமும் தரையில் தூங்கினார்கள்.

வகுப்பின் முடிவில் தலைவர் பேசுவார். அதைக் கேட்கவே சிலர் வருவதாகச் சொன்னார்கள்.

"அலமாரிங்கறது சாமான் வைக்கிற இடம்னு சிலர் பாமரத்தனமா நினைக்கிறாங்க. சாமான் வைக்க ஒரு சாக்குப்பை போதுமே! அலமாரிங்கறது, நாம யாருன்னு எதிர்வீட்டுக்காரனுக்குச் சொல்ற இடம். என் வீட்டு அலமாரியை நான் கையால தொட்டே பல வருஷம் ஆச்சு. திறக்கணும்னு தோணினதே இல்ல. ஆனா நேரத்துக்குக் காப்பி வருது, சாப்பாடு வருது. ஏன்? பாணி சரியா இருக்கு!"

எல்லாரும் கைதட்டினார்கள். அவர் வீட்டு அலமாரியை ஒரு நாளைக்கு நூறு தடவை திறந்து மூடுகிற அவருடைய மனைவி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் கைதட்டவில்லை. கையில் கீரைக்கட்டு இருந்தது.

எனக்குக் கடைசிவரை எந்தப் பாணியும் தெரியவில்லை. ஆனாலும் ஒருநாள் துணிந்து, "மரபு சார்ந்த நவீனம் தெரியுது சார்" என்று பொய் சொன்னேன். ஆலோசகர் கண் கலங்கிவிட்டார். அந்தச் சூட்டோடு சூடாக இழுப்பறைப் பேச்சை எடுத்தேன்.

தலைவரின் முகம் மாறியது. "மேல் வரிசைங்கறது ஒரு சமையலறையோட முதுகெலும்பு. அதை எடுத்துட்டு டிராயரா? டிராயருங்கறது படுக்கையறைச் சமாச்சாரம். உள்ளாடை வைக்கிற இடத்துல நீங்க பருப்பு வெப்பீங்களா?"

டாக்டர் கொடுத்த சான்றிதழை நீட்டினேன். அதைத் தொடாமலே படித்தார். "டாக்டருக்கு உடம்பைப் பத்தித் தெரியும். உயரத்தைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்? குழு நேர்ல வந்து பார்க்கும்" என்றார்.

வந்தார்கள். செருப்போடு சமையலறைக்குள் வந்தார்கள். செயலாளர் அளவு நாடாவை உருவினார். தலைவர் என் மனைவியை மேல் அலமாரிக்கு எதிரில் நிற்க வைத்து, "எங்கே, தூக்குங்க பார்ப்போம்" என்றார்.

அவள் தூக்கினாள். நெஞ்சு உயரத்தில் கை நின்றது.

"இன்னும்."

"அவ்வளவுதாங்க வரும்."

"இன்னும் கொஞ்சம். சும்மா முயற்சி பண்ணுங்க."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அவள் விரல் நுனிக்குப் பக்கத்தில் செயலாளர் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"மனசு வெச்சா எழும்பும்மா" என்றார் தலைவர். "இப்படி, என்னைப் பாருங்க." அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். ஆலோசகரும் தூக்கினார். செயலாளர் நாடாவையும் நோட்டையும் பிடித்தபடியே தூக்கினார். போலீஸிடம் சரணடைந்தவர்களைப் போல மூன்று பேரும் என் வீட்டுச் சமையலறையில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். போகும் முன் செயலாளர் எழுதியதை வாசித்துக் காட்டினார்: 'முயற்சி – போதாது.'

என் கடையில் ஒருவர் கடைசி வரி தெரியவில்லை என்று சொன்னால் நாங்கள் கண்ணாடி கொடுப்போம். மனசு வெச்சா தெரியும் என்று சொல்லி அனுப்பினால் எங்கள் கடையை உடைத்துவிடுவார்கள். அன்று எனக்கு அந்த மூன்று பேரையும் அதே அளவு நாடாவால் கட்டிப்போட்டு அடிக்க வேண்டும் போலிருந்தது. இதில் நான் எதையும் மிகைப்படுத்தவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் எங்களை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இழுப்பறை நிராகரிக்கப்பட்டதாகவும், ஆனால் மனிதாபிமான அடிப்படையில் குழு ஒரு மாற்று ஏற்பாடு செய்திருப்பதாகவும் தலைவர் அறிவித்தார். ஆலோசகர் ஒரு நீளமான பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு கம்பு. முனையில் கொக்கி. தந்த நிறம்.

"இது மரபு சார்ந்த நவீனக் கம்பு" என்றார் ஆலோசகர். "உங்க பாணிக்குத் தகுந்தது."

கொக்கியால் எதிரில் இருப்பவரின் மூக்கைப் பிடித்து இழுக்கலாமே தவிர, டீத்தூள் டப்பாவை இறக்க முடியாது. அந்தக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்படி என் மனைவியைக் கேட்டுப் போட்டோ எடுத்தார்கள். கூட்டம் கைதட்டியது. அந்தப் படம் லிஃப்டுக்குள் ஒட்டப்பட்டது. அவள் லிஃப்டில் போவதையே நிறுத்திவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தோளில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தாள். "இவங்களை நான் சும்மா விடப் போறதில்லைங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. எந்தப் பச்சைக்கு என்ன பெயர் என்று தீர்மானிக்கும்போது அவளுக்கு வரும் குரல் அது. எனக்குக் கொஞ்சம் பயமாகவும் ரொம்பச் சந்தோஷமாகவும் இருந்தது.

"கேஸ் போடலாமா?"

"கேஸ் போட்டா அவங்க அதையும் ஒரு குழு ஆக்கிடுவாங்க. இவங்க எதுக்கு மயங்குவாங்கன்னு எனக்குத் தெரியும். சிமெண்ட் மூட்டையை வாங்கினவங்களை நான் பார்த்திருக்கேன்."

அவள் ஒரு படம் வரைந்தாள். சமையலறைச் சுவர். அலமாரிகள் எல்லாம் கூரையை ஒட்டி, அதற்கு மேல் போக இடமில்லாத உயரத்தில். கீழே எதுவும் கிடையாது, வெறும் சுவர். கதவுகளுக்குக் கைப்பிடி கிடையாது. மேல் மூலையில் உள்ளங்கையால் அழுத்தினால்தான் திறக்கும்.

"இதை எட்டவே முடியாதே" என்றேன்.

"அதுதாங்க இதோட அழகு" என்றாள். "உசரம்னு பேர்ல வந்துடக் கூடாது, சந்தேகம் வரும். 'உன்னதப் பாணி.' எப்படி இருக்கு?"

படத்தை எடுத்துக்கொண்டு நேராக ஆலோசகரின் கடைக்குப் போனாள். நானும் உடன் போனேன். திரைச்சீலைகளுக்கு நடுவில் நின்று, ரொம்பத் தயங்கியபடி சொன்னாள்: "சார், கம்புக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன். அப்படியே இதையும் உங்ககிட்டக் காட்டலாம்னு. நானே யோசிச்சது. ஆனா இது எல்லாருக்கும் புரியாதுன்னு எங்க கம்பெனியில சொல்றாங்க. உங்களுக்கும் புரியலைன்னா திருப்பிக் குடுத்துடுங்க, பரவாயில்ல."

ஆலோசகர் படத்தை நேராகப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், தூரத்தில் வைத்துப் பார்த்தார். "புரியாம என்ன?" என்றார். குரல் லேசாக நடுங்கியது. "பார்த்த உடனே எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு."

அதற்குப் பிறகு எங்களுக்கு வேலையே இருக்கவில்லை. ஆலோசகருக்குப் புரிந்ததால் செயலாளருக்குப் புரிந்தது. செயலாளருக்கே புரிந்தது தலைவருக்குப் புரியாமல் இருக்குமா? அடுத்த பொதுக்கூட்டத்தில் அந்தப் படம் பெரிதாக்கி மாட்டப்பட்டிருந்தது. தலைவர் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இத்தனை வருஷமா நாம ஒரு தப்புப் பண்ணிட்டோம்" என்றார். "அலமாரியைக் கைக்கு எட்டற இடத்துல வெச்சு, அதைக் கேவலப்படுத்திட்டோம். யார் வேணும்னாலும் திறக்கலாம், யார் வேணும்னாலும் மூடலாம்! அதுக்குப் பேர் அலமாரியா? பொதுக் கழிப்பறை! உன்னதப் பாணி நம்மளை அண்ணாந்து பார்க்க வைக்குது. அண்ணாந்து பார்க்கறதுக்கு ஒண்ணு இருக்கணும். இல்லைன்னா மனுஷனுக்கு எதுக்குக் கழுத்து?"

கீழ்வீட்டு டீச்சர் எழுந்து, "உப்பு எடுக்கணும்னா எப்படி எடுக்கறது சார்?" என்று கேட்டார்.

"எடுக்கணும்ங்கற எண்ணமே பழைய பாணி" என்றார் தலைவர். செயலாளர் எழுதிக்கொண்டார்.

இனி எல்லா வீட்டிலும் உன்னதப் பாணிதான் என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. புதுப் பாணி எதுவானாலும் முதலில் குழுவினர் வீட்டில் மாதிரிக்காகச் செய்யப்பட வேண்டும் என்பது விதி. முதலில் தனக்கு வேண்டும் என்பதற்காகத் தலைவரே எழுதிய விதி அது. பழைய அலமாரி, ஸ்டூல், மேடையடித் தட்டு எதுவும் கீழே இருக்கக் கூடாது, இருந்தால் கண்ணின் ஓய்வு கெட்டுவிடும் என்றும் அதில் சேர்த்தார்கள். தலைவர் அன்று பெருந்தன்மையின் உச்சத்தில் இருந்தார். "இதைப் படைச்சவங்க மனசு நோகக் கூடாது. இந்தக் குழு இருக்கிற வரைக்கும், அவங்க கையெழுத்து இல்லாம இந்தப் பாணியில ஒரு ஆணியைக்கூட மாத்தக் கூடாதுன்னு எழுதிக்குங்க" என்றார். செயலாளர் அதையும் எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் என் மனைவி எழுந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"சார், படைச்சது நானா இருந்தாலும் இந்தப் பாணிக்கு எனக்கே தகுதி இல்ல. எனக்குத்தான் கை எழும்பாதே."

தலைவர் அவளைப் பார்த்த பார்வையில் அவ்வளவு கனிவு. காலில் விழுந்தவரைப் பார்க்கும்போது சிலருக்கு வருமே, அந்தக் கனிவு. "தகுதி இல்லாதவங்க, தங்களுக்குத் தகுதி இல்லைன்னு தாங்களே ஒத்துக்கறது எவ்வளவு பெரிய பண்பு!" என்றார். "இப்படிப்பட்டவங்களை எந்தச் சோதனைக்கும் ஆளாக்கக் கூடாது. அவங்க வாய் வார்த்தையே போதும். அவங்களைப் 'பாணியற்றோர்'னு ஒரு பிரிவுல சேர்த்துடுவோம். பாணியற்றோர் வீட்டுல டிராயர் இருக்கட்டும், பெட்டி இருக்கட்டும், குப்பை இருக்கட்டும், குழு அதை அலமாரியாவே கணக்குல எடுத்துக்காது. ஜன்னலுக்கு ஒரு திரை மட்டும் போட்டுடணும். நாலு பேர் கண்ணுல படக் கூடாது."

திரை என்றதும் ஆலோசகர் முதலில் கைதட்டினார். என் மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்து முன்வரிசைக்காரர் ஒருவர் கைக்குட்டை நீட்டினார். நான் இருமுவது போல் வெளியே போய், மோட்டார் ஓடிய சத்தத்தில் வாய்விட்டுச் சிரித்தேன்.

அடுத்த வாரமே தச்சர் எங்கள் மேல் அலமாரிகளைக் கழற்றிவிட்டு இழுப்பறைகளைப் பொருத்தினார். முதல் நாள் என் மனைவி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இழுத்து மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் எதையும் இறக்கி வைக்காமல் வேலைக்குப் போனேன். கடையில் பவர் பார்க்கும்போது எனக்குப் பாட்டு வந்தது.

அதே தச்சர் தலைவர் வீட்டில் கீழே இருந்ததை எல்லாம் பிடுங்கி எடுத்துக் கூரையடியில் மாட்டினார். "எட்டுமா சார்னு கேட்டேன். என்னைப் பார்த்துச் சிரிச்சாரு. நான் குத்தம் சொல்ல மாட்டேன்" என்றார்.

தலைவரின் மனைவி அன்று மாலை சமையலறையைச் சுற்றிப் பார்த்தாராம். பிறகு ஓர் ஏணியைக் கொண்டுவந்து கணவரின் கையில் கொடுத்து, "உங்க அலமாரியை இனிமே நீங்களே திறந்துக்குங்க. நான் கீழ நின்னு அண்ணாந்து பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு, டிவி பார்க்க உட்கார்ந்துவிட்டாராம். ஏணி கீழே நின்றால் கண்ணின் ஓய்வு கெட்டுவிடும் அல்லவா? அதனால் உப்பு எடுக்க ஒருமுறை, அதைத் திருப்பி வைக்க ஒருமுறை என்று ஒவ்வொரு தடவையும் தலைவர் படுக்கையறையிலிருந்து ஏணியைத் தூக்கி வந்து, திரும்பவும் கொண்டுபோய் வைத்தார்.

இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், திரையை லேசாக விலக்கி, ஜன்னலோரம் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தோம். தலைவர் ஏணியின் உச்சியில் நின்று, கைப்பிடி இல்லாத கதவை உள்ளங்கையால் அழுத்துவார். திறக்காது. இன்னும் ஓங்கி அழுத்துவார். படாரென்று திறந்து மாவு டப்பா தலையில் கொட்டும். செயலாளர் வீட்டில் நிலைமை இன்னும் மோசம், அவர் குட்டை. ஆலோசகர் கடையிலேயே சாப்பிட்டுக் கடையிலேயே தூங்கினார். பழி வாங்கினால் மனம் கெட்டுவிடும் என்று பெரியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த நாட்களில் நன்றாகப் பசித்தது, படுத்ததும் தூக்கம் வந்தது.

மற்ற வீட்டுக்காரர்களும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்? அடுத்து தங்கள் முறை என்று தெரிந்ததும் கட்டடத்தில் ஒவ்வொரு கையாக எழும்பாமல் போயிற்று. கீழ்வீட்டு டீச்சருக்கு முதலில். பிறகு ஜிம்முக்குப் போகிற இளைஞனுக்கு. நவீனம் லேசாகத் தெரிய ஆரம்பித்த அந்த மனிதர் குடும்பத்தோடு போய்த் தங்களுக்குத் தகுதியே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வாய் வார்த்தையே போதும் என்று தீர்மானம் இருந்ததால் குழு யாரையும் சோதிக்க முடியவில்லை. கடைசியில் கட்டடத்தில் பாணியோடு வாழ்ந்தவர்கள் அந்த மூன்று பேர்தான். தகுதி இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அவர்கள் குழுவில் இருக்க முடியாதே.

ஒரு மாலையில் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். காதோரம் மாவு ஒட்டியிருந்தது. இடது கால் லேசாக நொண்டியது. இந்த முறை செருப்பை வாசலிலேயே கழற்றினார். கையில் ஒரு தாள். உன்னதப் பாணியைக் கைவிடப் படைப்பாளியின் சம்மதம் என்று எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

என் மனைவி சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். அவர் அங்கேயே போய் நின்றார். கண் அவரை அறியாமலே இழுப்பறைகளின் மேல் போயிற்று. ஒன்றை மெல்ல இழுத்தார். அது சத்தமில்லாமல் வந்தது. உள்ளே பருப்பும் மிளகாயும் புளியும் வரிசையாக இருந்தன. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தள்ளி மூடிவிட்டு, மறுபடியும் இழுத்தார்.

"இது... வசதியாத்தான் இருக்கு" என்றார்.

"குழு இதை அலமாரியாவே கணக்குல எடுத்துக்கறதில்ல சார்" என்றாள் என் மனைவி.

"ஒரு கையெழுத்தும்மா. என் சம்சாரம் என்கூடப் பேசியே பல நாள் ஆச்சு. காலையில ஒரு வாய் காப்பி குடிக்க நான் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஏற வேண்டியிருக்கு. நேத்து விழுந்துட்டேன்."

"அடடா" என்றாள் அவள்.

"நான் வயசானவன். உனக்கு என் பொண்ணு வயசு. கொஞ்சமாவது இரக்கம் காட்டக் கூடாதா?"

அவள் டீயை வடிகட்டி முடித்தாள். துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, ரொம்பத் தன்மையாகச் சொன்னாள்:

"இரக்கம் இருக்கு சார். இல்லாம இல்ல. ஆனா அதை ரொம்ப மேல வெச்சுட்டேன். எனக்கு எட்டாது."

தலைவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். வாசலில் குனிந்து செருப்பு மாட்ட அவருக்கு வெகுநேரம் பிடித்தது. நான் உதவிக்குப் போகவில்லை. அவள் சர்க்கரை இழுப்பறையை இடுப்பால் தள்ளி மூடினாள். இரண்டு டம்ளர்தான் போட்டிருந்தாள். ஒன்றை எனக்குக் கொடுத்தாள்.